‘பாரிஸ் கார்னர்’ பாரிஸும் இல்லை, பாரி வள்ளலும் இல்லை... அந்தப் பெயருக்குள் இருக்கும் ‘ஹாரி’ யார்?

சென்னையில் ஷேர் ஆட்டோக்காரர் “பாரிஸ், பாரிஸ், பாரிஸ்” என்று கூவினால் யாரும் ஈபிள் டவரை நினைப்பதில்லை. உயர் நீதிமன்றம், பூக்கடை, பர்மா பஜார், மொத்த விலைக் கடைகள், மூட்டை தூக்குபவர்கள். இதுதான் நம்ம பாரிஸ். பேருந்துப் பலகையில் ‘பாரிமுனை’, பேச்சில் ‘பாரிஸ் கார்னர்’. இரண்டும் ஒரே இடம்தான்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் கிடைக்கும். பிரெஞ்சுக்காரர்கள் வைத்துவிட்டுப் போன பெயர் என்பது ஒன்று. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி வள்ளலின் பெயர் என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு.

சரியான பதில், தாமஸ் பாரி என்ற வேல்ஸ் நாட்டு வியாபாரி. இது பலருக்கும் தெரிந்திருக்கலாம். அந்த ‘பாரி’ என்ற குடும்பப் பெயர் எப்படி உருவானது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘சர்நேம்’ கட்டத்துக்கு முன்னால் திகைத்து நிற்கும் ஒவ்வொரு தமிழருக்கும் அந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு.

பெயருக்குள்ளே ஒரு அப்பா

பிரிட்டனின் மேற்குப் பகுதியில் இருக்கும் சின்ன நாடு வேல்ஸ். அங்கே பேசப்படும் வேல்ஸ் மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் நெருங்கிய உறவு கிடையாது. அது கெல்டிக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

அந்த மொழியில் ‘மாப்’ என்றால் மகன். பெயர்களுக்கு நடுவில் வரும்போது அது தேய்ந்து ‘அப்’ என்று ஆகிவிடும். ‘ரீஸ் அப் ஹாரி’ என்றால் ஹாரியின் மகன் ரீஸ். வேகமாகச் சொல்லிப் பாருங்கள்: அப் ஹாரி, அப்ஹாரி, பாரி. முன்னால் இருந்த ‘அ’ விழுந்தது, நடுவில் இருந்த ‘ஹ’ கரைந்தது, மிச்சம் நின்றது ‘பாரி’. அதாவது ‘ஹாரியின் மகன்’.

இதே வழியில் பிறந்த பெயர்கள் ஏராளம். அப் ரீஸ் ‘பிரைஸ்’ ஆனது. அப் ஹவெல் ‘பவல்’ ஆனது. அப் ரிச்சர்ட் ‘பிரிட்சர்ட்’. அப் ராபர்ட் ‘புரோபர்ட்’. உயிரெழுத்துக்கு முன்னால் ‘ப்’ கொஞ்சம் மென்மையாகி ஆங்கில ‘பி’ ஒலியாக மாறும். அப்படித்தான் ஓவனின் மகன் ‘போவன்’, இவானின் மகன் ‘பெவன்’. பிரிட்டனின் இலவச மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 1948-ல் தொடங்கியபோது சுகாதார அமைச்சராக இருந்த அனைரின் பெவன், இந்தக் கடைசி வகை.

ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பெயருக்கு முன்னால் வரும் ‘மெக்’ இருக்கிறதே, அதுவும் இதே வேரில் பிறந்த சொல்தான். அங்கே மகனுக்கு ‘மாக்’, இங்கே ‘மாப்’. ஆக, ‘மெக்டொனால்ட்’ என்றால் டொனால்டின் மகன். கடைப் பலகையில் கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஸ்’ ஆங்கிலத்தில் ‘உடைய’ என்ற வேற்றுமை. பர்கர் கடையின் பெயரை முழுசாகப் பிரித்தால் ‘டொனால்டின் மகனுடைய’ என்று வரும்.

‘பாரிஸ் கார்னர்’ அச்சு அசலாக அதே கட்டுமானம். முன்னால் ‘ப்’ என்றால் மகன். நடுவில் ஹாரி. பின்னால் ‘ஸ்’ என்றால் உடைய. ‘ஹாரியின் மகனுடைய முனை’. பிரான்ஸ் தலைநகருக்கும் நம்ம பாரிஸுக்கும் ஒற்றுமை அந்த ‘ஸ்’ சத்தத்தோடு முடிந்தது.

ஹாரி யார்? அது ஹென்றி என்ற பெயரின் பேச்சு வழக்கு. இடைக்கால இங்கிலாந்தில் ஏட்டில் ஹென்றி, வாயில் ஹாரி. ஹென்றி பழைய ஜெர்மானியப் பெயர். ‘வீடு’, ‘ஆள்பவர்’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. ஜெர்மானியத்தில் பிறந்து, நார்மன் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து, வேல்ஸில் ‘அப்’ ஒட்டி, கடைசியில் சென்னையில் ‘முனை’ சேர்ந்திருக்கிறது.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இந்த ஹாரி ஒரே ஒருவர் அல்ல. வேல்ஸில் எத்தனையோ ஹாரிகள் இருந்தார்கள், அவர்களுக்கு எத்தனையோ மகன்கள். ‘எம்’ என்று இனிஷியல் போடுகிற எல்லாத் தமிழர்களும் சொந்தக்காரர்கள் இல்லையே, அது மாதிரிதான். பாரி என்று பெயர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்று நினைக்கத் தேவையில்லை.

(கத்திச் சண்டையில் வெட்டைத் தடுப்பதற்கு ஆங்கிலத்தில் ‘பாரி’ என்பார்கள். அது பிரெஞ்சிலிருந்து வந்த வேறு சொல். இந்தப் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

பெயர் கேட்டால் வம்சத்தையே சொன்னவர்கள்

பழைய வேல்ஸில் நிலையான குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், தேவைப்பட்டால் அவருக்கும் அப்பா பெயர். இப்படிச் சங்கிலியாகச் சொல்வார்கள். இதற்கு ஒரு காரணம் இருந்தது. பழைய வேல்ஸ் சட்டத்தில் நிலம், பங்கு, இழப்பீடு எல்லாமே ரத்த உறவைப் பொறுத்தவை. யாருக்கு யார் எத்தனாவது தலைமுறை என்பது தெரிந்தாக வேண்டும். பெயரே வம்சாவளிப் பத்திரமாக இருந்தது.

16-ம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1536-லும் 1543-லும் வந்த சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தின் சட்ட அமைப்போடு இணைத்தன. நீதிமன்ற மொழி ஆங்கிலம். பதிவேடும் ஆங்கிலேய முறை. அந்தப் பதிவேட்டில் ஒரு பெயர், ஒரு குடும்பப் பெயர், அவ்வளவுதான் இடம்.

அப்போது வேல்ஸை நிர்வகித்த பிஷப் ரோலண்ட் லீ பற்றி ஒரு கதை சொல்வார்கள். நீதிமன்றத்தில் ஒவ்வொருவரும் ‘அப்... அப்... அப்...’ என்று நீட்டிச் சொன்னதைக் கேட்டுச் சலித்துப்போன அவர், இனிமேல் கடைசிப் பெயரையோ வீட்டுப் பெயரையோ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டாராம். தாமஸ் அப் ரிச்சர்ட் அப் ஹவெல் என்று நீளமாகப் போன ஒருவர், அன்றிலிருந்து தன் வீட்டின் பெயரால் ‘தாமஸ் மாஸ்டின்’ ஆனாராம்.

கதை எந்த அளவுக்கு உண்மையோ, மாற்றம் உண்மை. பணமும் பதவியும் இருந்தவர்கள், இங்கிலாந்து எல்லையை ஒட்டி வாழ்ந்தவர்கள் முதலில் மாறினார்கள். வடமேற்கின் கிராமங்களில் பழைய வழக்கம் 18-ம் நூற்றாண்டைத் தாண்டியும் நீடித்தது. ஒவ்வொரு குடும்பத்திலும் யாரோ ஒரு தலைமுறையில், யாரோ ஒரு எழுத்தர் பேனா பிடித்தபோது, அன்றைய அப்பாவின் பெயர் நிலைத்துவிட்டது. அதற்கு முந்தைய தாத்தாக்கள் பதிவேட்டிலிருந்து போனார்கள். பிந்தைய அப்பாக்கள் உள்ளேயே வரவில்லை. அதன் பிறகு பிறந்தவருக்கு அப்பா பெயர் டேவிட்டாக இருந்தாலும் வில்லியமாக இருந்தாலும், அவர் ‘ஹாரியின் மகன்’தான்.

சட்டம் போட்ட எட்டாம் ஹென்றியே இந்தக் குழப்பத்தின் வாரிசு என்பதுதான் வேடிக்கை. அவருடைய ‘டியூடர்’ வம்சம் வேல்ஸிலிருந்து வந்தது. வம்சத்தின் முன்னோர் ஓவன், முழுப் பெயர் ‘ஓவைன் அப் மரெடித் அப் டியூடர்’. அப்பா பெயர் நிலைத்திருந்தால் இங்கிலாந்தை ஆண்டது ‘மரெடித்’ வம்சமாக இருந்திருக்கும். நிலைத்ததோ தாத்தாவின் பெயர்.

பெயர்கள் உறைந்ததில் இன்னொரு சிக்கலும் வந்தது. அந்தக் காலத்தில் புழங்கிய பெயர்கள் கொஞ்சம்தான் என்பதால், ஊர் முழுக்க ஜோன்ஸ், வில்லியம்ஸ், டேவிஸ், இவான்ஸ் என்று ஆகிவிட்டது. யாரைக் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாது. அதனால் மக்கள் தொழிலைச் சேர்த்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள்: பால்காரர் ஜோன்ஸ், ரொட்டிக்கார இவான்ஸ். அடையாளம் சொல்லத்தான் குடும்பப் பெயர் என்றார்கள். அது வந்த பிறகு அடையாளம் சொல்லப் பட்டப்பெயர் தேவைப்பட்டது.

காணாமல் போன ‘மகள்’

பழைய முறையில் பெண்ணுக்குத் தனிச் சொல் இருந்தது. மகன் என்றால் ‘அப்’. மகள் என்றால் ‘வெர்க்’. ஹாரியின் மகள் ‘வெர்க் ஹாரி’. கல்யாணம் ஆனாலும் அவள் தன் அப்பாவின் மகளாகவே அழைக்கப்பட்டாள். கணவர் பெயருக்கு மாறுவது வேல்ஸ் வழக்கமாக இருக்கவில்லை.

குடும்பப் பெயர் உறைந்தபோது ‘அப்’ வடிவம் மட்டும் தப்பித்தது. ‘வெர்க்’ காணாமல் போனது.

முதலாம் எலிசபெத் ராணியின் அந்தரங்கப் பணிப்பெண்களுக்குத் தலைவியாக இருந்தவர் பிளான்ச் பாரி. ராணி தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே உடனிருந்தவர். 1590-ல் இறந்தார். அவருடைய அப்பா பெயர் உண்மையிலேயே ஹென்றி. ஆக, பழைய கணக்கில் அவர் ‘பிளான்ச் வெர்க் ஹாரி’. வரலாற்றில் நிற்பதோ ‘பிளான்ச் பாரி’. அதாவது, ‘ஹாரியின் மகன் பிளான்ச்’. ராணியின் நகைகளைப் பாதுகாத்த அந்தப் பெண்மணிக்கு, ‘மகள்’ என்ற ஒரு சொல்லைப் பெயரில் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை.

நிலாவிலும் ஒரு பாரி

உறைந்த பெயர் உலகம் சுற்றியது. வில்லியம் எட்வர்ட் பாரி ஆர்க்டிக் கடல் பயணி. 1827-ல் வட துருவத்தை நோக்கிப் போய் 82 டிகிரி 45 நிமிட வட அட்சரேகை வரை எட்டினார். அடுத்த ஐம்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய, அவ்வளவு வடக்கே யாரும் போகவில்லை. கனடாவின் வடக்கில் இருக்கும் ‘பாரி சேனல்’ என்ற கடல்வழி, ஒன்டாரியோ மாகாணத்தின் ‘பாரி சவுண்ட்’ என்ற ஊர், நிலாவில் ஒரு பள்ளம். மூன்றும் அவர் பெயரில்.

அவருடைய அப்பா கேலப் ஹில்லியர் பாரி ஒரு மருத்துவர். இன்று ‘கிரேவ்ஸ் நோய்’ என்று அறியப்படும் தைராய்டு பிரச்சினையை, ராபர்ட் கிரேவ்ஸுக்கு முன்பே விவரித்தவர். அவர் இறந்த பிறகு 1825-ல்தான் அந்தக் குறிப்புகள் அச்சாயின. அதனால் நோயின் பெயரை கிரேவ்ஸ் எடுத்துக்கொண்டார். முகத்தின் ஒரு பக்கம் மெலிந்துபோகும் அரிய நோய் ஒன்றில் மட்டும் ‘பாரி-ராம்பெர்க்’ என்று அவர் பெயர் இன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் வறண்ட பகுதியில் வளரும் ‘அகேவ் பாரியை’ என்ற கற்றாழை வகை, சார்லஸ் கிறிஸ்டோபர் பாரி என்ற தாவரவியலாளரின் பெயரில்.

இவற்றில் எதுவும் தினமும் ஆயிரக்கணக்கான வாய்களில் புழங்குவதில்லை. அந்தப் பெருமை சென்னையில் இருக்கும் முனைக்குத்தான்.

இருபது வயசில் மெட்ராஸ் வந்த தாமஸ்

தாமஸ் பாரி 1768-ல் வேல்ஸில், வெல்ஷ்பூல் பகுதியில் பிறந்தவர். 1788-ல் மெட்ராஸ் வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக அல்ல. கம்பெனியின் அனுமதியோடு சொந்தமாகத் தொழில் செய்த ‘சுதந்திர வியாபாரி’யாக. இன்றைய ஈ.ஐ.டி. பாரி நிறுவனம் தன் தொடக்கமாகக் கணக்கு வைப்பது அந்த 1788-ஐத்தான்.

அவர் செய்யாத தொழில் குறைவு. வட்டிக்குக் கடன், ஏற்றுமதி இறக்குமதி, சாந்தோமில் தோல் பதனிடும் ஆலை, தென்னாற்காடு பக்கம் அவுரிச் சாயம். 1819-ல் ஜான் வில்லியம் டேர் என்பவர் கூட்டாளியாகச் சேர்ந்தார். 1824-ல் தாமஸ் பாரி காலராவில் இறந்தார். கல்லறை சென்னையில் இல்லை, கடலூரில். டேர்தான் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தினார்.

தாமஸ் பாரி ஊருக்காகத் தியாகம் செய்தவர் அல்ல, லாபம் பார்க்க வந்த வியாபாரி. அவர் பெயர் நிலைத்ததற்குக் காரணம் அவர் செய்த சேவை இல்லை. அவர் வாங்கிய இடம்.

முனை ஏன் முனை ஆச்சு?

இதைப் புரிந்துகொள்ள 1803-க்குப் போக வேண்டும். அந்த வருஷம்தான் தாமஸ் பாரி கடற்கரையோர மூலை இடத்துக்கு வந்தார்.

அன்றைய காட்சியே வேறு. தெற்கே புனித ஜார்ஜ் கோட்டை. 1758-59-ல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த பழைய கறுப்பர் நகரத்தின் வீடுகள் எதிரிக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர்கள் அந்தப் பகுதியை இடித்துத் தரைமட்டமாக்கி வெட்டவெளியாக வைத்தார்கள். அதுதான் எஸ்பிளனேடு. இன்றைய உயர் நீதிமன்ற வளாகம் அந்த வெளியில்தான் பிற்பாடு எழுந்தது. ‘இந்தக் கோட்டுக்கு உள்ளே யாரும் வீடு கட்டக் கூடாது’ என்று காட்ட, 1773-ல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று இன்றும் பாரிமுனையில், டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் நிற்கிறது.

கிழக்கே கடல். துறைமுகம் கட்டப்படாத காலம், அதனால் இன்றைய ராஜாஜி சாலையை ஒட்டியே அலை அடித்தது.

ஆக, தெற்கே வெறும் வெளி, கிழக்கே கடல், வடக்கிலும் மேற்கிலும் நெருக்கமான நகரம். நகரம் தொடங்குகிற முதல் மூலையில் ஒரு கட்டடம். கப்பலில் வருபவருக்கும் தெரியும், கோட்டையிலிருந்து வருபவருக்கும் தெரியும். வழி சொல்ல இதைவிட வசதியான அடையாளம் எது? ‘பாரியோட மூலை’ என்று சொன்னார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். அந்த முனையில் சந்திக்கும் இரண்டு சாலைகளின் பெயரும் மாறிவிட்டன. ஒன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெயரில், இன்னொன்று ராஜாஜி பெயரில். இரண்டும் நாட்டின் பெரிய தலைவர்கள். ஆனால் அந்தச் சாலைகள் சந்திக்கும் புள்ளி மட்டும் இன்னும் வேல்ஸ் வியாபாரியின் பெயரில்தான். சாலைக்குப் பலகை உண்டு, பலகையை மாற்றலாம். மக்கள் வாயில் இருக்கும் பெயரை மாற்றுவது கஷ்டம்.

‘பாரி’ என்ற ஒலியும் உதவியிருக்கலாம். தமிழ்க் காதுக்கு அது அந்நியமாகவே படவில்லை. பறம்பு மலை பாரியைப் பள்ளிப் பாடத்தில் படித்த ஊரில், ‘பாரிமுனை’ என்பது அப்படியே தமிழ்ப் பெயர் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

சர்க்கரை, மிட்டாய், வாஷ்பேசின்

முனையோடு பெயர் நிற்கவில்லை. கடலூர் பக்கத்தில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை 1842-ல் தொடங்கியது. 1906-ல் ராணிப்பேட்டையில் உரத் தொழிற்சாலை. பிறகு அதே ராணிப்பேட்டையில் ‘பாரிவேர்’ பீங்கான் சாமான்கள். பெட்டிக்கடைப் பாட்டில்களில் ‘பாரிஸ்’ மிட்டாய்கள். காஃபி பைட், லாக்டோ கிங் சாப்பிடாத எண்பதுகளின், தொண்ணூறுகளின் குழந்தைகள் உண்டா? மிட்டாய்த் தாளில் இருந்ததும் அதே ‘ஸ்’தான்: பாரியுடைய மிட்டாய்.

இன்றைய நிலவரம் இன்னும் சுவாரஸ்யம். சர்க்கரையை வைத்திருக்கும் ஈ.ஐ.டி. பாரி 1981-ல் தமிழகத்தின் முருகப்பா குழுமத்திடம் வந்தது. மிட்டாய்த் தொழில் 2004-ல் தென் கொரியாவின் லோட்டே நிறுவனத்திடம் போனது. பாரிவேர் இப்போது ஸ்பெயினின் ரோக்கா குழுமத்திடம். ஒரே பெயரின் சொத்துகள் மூன்று நாட்டு நிறுவனங்களின் கையில். இவர்களில் யாருக்கும் ஹாரி என்று ஒரு முன்னோர் கிடையாது. முனையில் நிற்கும் கட்டடத்துக்கோ கூட்டாளி டேரின் பெயர். 1940-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்த டேர் ஹவுஸ் இப்போது முருகப்பா குழுமத்தின் தலைமையகம்.

அப்பாவைச் சொல்லப் பிறந்த சொல், குடும்பத்தின் பெயராகி, கம்பெனியின் பெயராகி, விற்கவும் வாங்கவும் முடிகிற பிராண்டாகிவிட்டது.

நம்ம இனிஷியலும் அதே வரிசையில்

இதை ஏதோ வெளியூர்க் கதை என்று கடந்துபோக முடியாது. தமிழ்ப் பெயர் முறையும் கிட்டத்தட்ட பழைய வேல்ஸ் முறைதான். நம்ம ‘அப்’ என்பது ஒரு எழுத்து, பிறகு ஒரு புள்ளி. ‘மு. கார்த்திக்’ என்றால் முருகேசனின் மகன் கார்த்திக். அவருக்கு மகள் பிறந்தால் ‘கா. நிலா’. ஒவ்வொரு தலைமுறையிலும் இனிஷியல் மாறும். குடும்பப் பெயர் என்று எதுவும் தேங்காது.

இதற்குப் பின்னால் ஒரு சமூக வரலாறு இருக்கிறது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவது இங்கேயும் வழக்கமாக இருந்தது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு அந்தப் பட்டங்களைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதன் பிறகு பல தலைமுறைகள் அதைப் பின்பற்றின. ஆக, ‘உனக்கு சர்நேம் இல்லையா?’ என்று வெளிமாநில நண்பர் கேட்கும்போது, இல்லாமல் போனது தற்செயல் இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் விண்ணப்பப் படிவத்துக்கு இந்த வரலாறு தெரியாது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்கப்படாது, விரித்து எழுத வேண்டும். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று வரும். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்று அர்த்தம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும் பயணிகளுக்கு அனுமதியில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது.

எனவே பெரும்பாலோர் அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். அதன் பிறகு உலகம் அவர்களை அப்பா பெயரில்தான் கூப்பிடும். செஸ் உலகில் ஆனந்துக்கு ‘விஷி’ என்று செல்லப் பெயர். அது அவருடைய அப்பா விஸ்வநாதனின் பெயர். கூகுள் தலைவரை உலகம் ‘மிஸ்டர் பிச்சை’ என்கிறது. பிச்சை என்பது அவருடைய அப்பா பெயரில் இருப்பது. தமிழ்க் கணக்கில் அவர் பி. சுந்தரராஜன்.

அடுத்த தலைமுறையில்தான் உண்மையான முடிச்சு. உதாரணத்துக்கு, ‘கார்த்திக் முருகேசன்’ என்ற பாஸ்போர்ட்டோடு அமெரிக்காவில் இருப்பவருக்குக் குழந்தை பிறக்கிறது. மருத்துவமனைப் படிவத்தில் லாஸ்ட் நேம் கேட்கிறார்கள். ‘நிலா கார்த்திக்’ என்று எழுதினால், அப்பாவுக்கும் மகளுக்கும் வேறு வேறு சர்நேம். விமான நிலையத்திலும் பள்ளியிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். ‘நிலா முருகேசன்’ என்று எழுதினால் எல்லாம் சுலபம். ஆனால் அந்த நொடியில் முருகேசன் அப்பா பெயராக இருப்பது நின்று, குடும்பப் பெயராகிவிடுகிறது. நிலாவின் பேரக் குழந்தைகளும் முருகேசன்தான். கார்த்திக் என்ற பெயர் அந்த வரிசையில் எங்கேயும் வராது.

16-ம் நூற்றாண்டில் ஒரு ஹாரிக்கு நடந்தது இதுதான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று தோன்றும். ஒரு கட்டம் காலியாக இருந்தது, யாரோ நிரப்பினார்கள்.

அம்மாவின் இடமும் இதே கேள்விதான். பிளான்ச் பாரியின் பெயரில் ‘மகள்’ இல்லாமல் போன மாதிரி, சர்நேம் உறையும்போது அம்மா பெயர் சேர வாய்ப்பே இருப்பதில்லை. இனிஷியலில் அதற்கு இடம் உண்டு. அம்மா, அப்பா இருவர் எழுத்தையும் சேர்த்துப் போடும் இளைஞர்கள் இப்போது இருக்கிறார்கள்.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. யோனின் மகன் ‘யோன்சன்’, மகள் ‘யோன்ஸ்டோட்டிர்’. அம்மா பெயரையும் வைக்கலாம். 1925-லேயே புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொள்வதைத் தடுத்துச் சட்டம் போட்டார்கள். தொலைபேசிப் புத்தகமே முதல் பெயர் வரிசையில்தான் இருந்தது. பாஸ்போர்ட், வங்கி, கம்ப்யூட்டர் எல்லாம் அந்த நாட்டிலும் இயங்குகின்றன. மக்களின் பெயர் முறைக்கு ஏற்ப அரசு படிவத்தை அமைத்துக்கொண்டது.

வேல்ஸிலும் சிலர் பழைய வழிக்குத் திரும்புகிறார்கள். 2023-ல் பிளைட் கம்ரி கட்சியின் தலைவரான ரூன் அப் யோர்வெர்த் பெயரில் ‘அப்’ முழுசாக இருக்கிறது. ஆனால் நானூறு வருஷத்துக்கு முந்தைய சங்கிலியை யாராலும் அப்படியே மீட்க முடியாது. வேல்ஸில் தங்கள் முன்னோரைத் தேடும் பாரி குடும்பங்கள், பெயர் உறைந்த தலைமுறைக்குப் பின்னால் போகும்போது திணறுவது அதனால்தான்.

தமிழர்களுக்கு அந்தத் தேர்வு இன்னும் கைவிட்டுப் போகவில்லை. தனிக் குடும்பப் பெயர் வேண்டும் என்று முடிவெடுப்பதும் தவறில்லை, வெளிநாட்டு வாழ்க்கைக்கு அது வசதி. இனிஷியலைத் தொடர்வதும் தவறில்லை. எதுவானாலும், ஆன்லைன் படிவத்தில் சிவப்பு நட்சத்திரம் மிரட்டுகிறது என்பதற்காக அவசரத்தில் நிரப்பாமல், வீட்டில் ஒருமுறை பேசிவிட்டு நிரப்பலாம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே வடிவம் இருக்கட்டும். தாத்தா பெயர் குடும்பப் பெயராக மாறுகிறது என்றால், யார் அந்தத் தாத்தா என்பதையும் எங்கேயாவது எழுதி வையுங்கள். பாரிகளுக்கு அவர்களுடைய ஹாரி யார் என்று சொல்ல ஆளில்லை.